ஃப்ரிடோலின் கெட்டரர் குறைத்து ஓடிய சுற்று

ஃப்ரிடோலின் கெட்டரருக்குத் தன்மேல் சந்தேகம் வந்து டானன்குருண்டில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாக வந்தாலும் நேராக முன்வரிசைக்குத்தான் போவான். சீட்டாட்டத்தில் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் அதிகமாகச் சிரிப்பான். ஒட்டிலியைப் பெண் கேட்கப் போனபோது, "உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிச்சிருக்கு" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான்.  ஒட்டிலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதை நான்ல சொல்லணும்?" என்றாள். அடுத்த வாரமே சொல்லவும் செய்தாள்.

கெட்டரர் வீட்டுக்குக் ஜெர்மனியின் கருங்காட்டில் அந்தப் பக்கத்தில் கசாப்புக்கடைக்காரர் வீடு என்றுதான் பெயர். அப்பா போன பிறகு கடையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் நடத்தினார்கள் என்று சொல்வது வழக்கம். நடத்தியது அண்ணன் எங்கெல்பெர்ட். பன்றியை அறுப்பது, உப்பில் ஊறப்போடுவது, புகைக்கூடத்தில் தொங்கவிடுவது, சாசேஜ் திணிப்பது, கல்லாவை எண்ணிச் சாத்துவது எல்லாம் அவன்தான். ஃப்ரிடோ கடையில் நிற்கும் நாட்களில் வியாபாரம் நன்றாக நடக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் நிற்கும் நாட்கள் குறைவு. மற்ற நாட்களில் அவன் ஆகாயத்தில் இருப்பான், இல்லாவிட்டால் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருப்பான்.

அவனுடைய ஆட்டம் அப்படி. முதல் நாள் பனிச்சறுக்குத் தாவுமேடையின் உச்சியிலிருந்து சறுக்கிவந்து பறக்க வேண்டும். மறுநாள் அதே காலில் மெல்லிய சறுக்குக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாகப் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். பறக்கிறவனுக்கு உடம்பில் கனம் இருக்கக்கூடாது. ஓடுகிறவனுக்கு உடம்பில் தெம்பு இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, அதுவும் ஒரு கசாப்புக்கடையில் குடியிருந்துகொண்டு காலம் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது அந்த வீட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தவர்களுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க ஃப்ரிடோ அவித்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் தின்பான். எதிரே உட்கார்ந்து எங்கெல்பெர்ட் தன் பங்கையும் தம்பியின் பங்கையும் சாப்பிடுவான். அவன் உடம்பு அதற்குத் தகுந்தாற்போல இருந்தது.

அண்ணன் அதிகம் பேசமாட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஊர்ப் பேண்டுக்கு அவன்தான் மாஸ்டர். வாரத்தில் இரண்டு மாலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பேண்டு அறையில், கையில் அந்தச் சின்னக் கோலைத் தூக்கிவிட்டான் என்றால் அவன் வேறு ஆள். கடையில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசத் தயங்குகிறவன், தீயணைப்புப் படைத் தலைவரையே, "என்ன ஊதறீங்க, மாடு கத்தற மாதிரி?" என்று கேட்பான். அவரும் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஊதுவார். அந்தக் கோல்தான் எங்கெல்பெர்ட்டின் சந்தோஷம். வேறு சந்தோஷம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை, தம்பி பறப்பதைப் பார்ப்பதைத் தவிர.

ஃப்ரிடோ பறப்பதைப் பார்க்கத்தான் வேண்டும். மேடையின் விளிம்பை விட்டதும் மற்றவர்கள் கொஞ்சம் துழாவுவார்கள், கையால் காற்றைப் பிடிப்பார்கள். இவன் படுக்கையில் படுப்பதுபோலக் காற்றில் படுத்துவிடுவான். இருபது வயதில் தேசிய அணியில் எடுத்துக்கொண்டார்கள். நார்வே, பின்லாந்து என்று போனான், கோப்பைகளோடு வந்தான். ஒன்றுதான் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் சாம்பியன் என்ற பட்டம். இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது.

அப்போதெல்லாம் ஓட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். யார் யாரை முந்துகிறார்கள் என்பதில் ஒரு அர்த்தமும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு நடுவர்கள் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாவலின் புள்ளியையும் ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டு வருவார்கள். வெளியே எங்கெல்பெர்ட்டின் பேண்டு குளிரில் உதடு விறைக்கக் காத்திருக்கும். ஒருமுறை வெளியே வந்து, "இரண்டாமிடம்" என்றார்கள். இன்னொருமுறை, "மூன்றாமிடம்". பேண்டு வாசிக்காமலே கருவிகளை உறையில் போட்டுக்கொண்டு திரும்பியது.

பிறகு விதியை மாற்றினார்கள். தாவலில் எவ்வளவு முன்னால் நிற்கிறாயோ அவ்வளவு நேரம் முன்னால் மறுநாள் ஓட்டத்தில் கிளம்பலாம். மற்றவர்கள் துரத்துவார்கள். கோட்டை முதலில் தொடுகிறவன் வென்றவன். அவ்வளவுதான்.

"இனிமே அந்தக் கணக்கு வாத்தியாருங்க தயவு வேணாம். நான் முன்னால போவேன், முன்னாலயே வருவேன். எண்ணறதுக்கு என்ன இருக்கு?" என்றான் ஃப்ரிடோ.

அந்த ஆண்டுப் போட்டி டானன்குருண்டுக்கே வந்தது. ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. ஆனால் பனிதான் வரவில்லை. தெற்குக் காற்று அடித்து, ஜனவரியில் புல் பச்சையாகத் தெரிந்தது. ஊரார் சளைத்துப் போகவில்லை. காட்டின் நிழல் பக்கங்களில் கிடந்த பனியை எல்லாம் டிராக்டரில் வாரிக்கொண்டு வந்தார்கள். தாவுமேடையில் கொட்டிய பிறகு ஓட்டப் பாதைக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். நீளமான பாதைக்குப் போதாது. சின்னதாக ஒரு வளையம் போட்டார்கள். எப்போதும் மூன்று சுற்று ஓடும் போட்டியில் இந்தமுறை ஆறு சுற்று ஓட வேண்டும் என்று அறிவித்தார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

சனிக்கிழமை ஃப்ரிடோ தாவிய தாவலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலை. இரண்டாவதாக நின்றவன் மாக்னுஸ் ஃபிங்க், ஆல்காய் மலைக்காரன், ஓட்டத்தில் மான். ஆனால் ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிடோ முதலில் கிளம்பினான். முன்னால் யாரும் இல்லை. அதுதான் வினை. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு வழி காட்டும். முதலில் போகிறவனுக்கு யார் காட்டுவது? ஃப்ரிடோ எண்ணவே இல்லை. மைதானத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே, நேரம் வரும்போது சொல்லமாட்டார்களா என்ன? கடையிலும் எண்ணுவது அண்ணன்தான். இங்கே மட்டும் என்ன வந்தது?

அண்ணன் பேண்டின் முன்னால், ஒரு வைக்கோல் வண்டிமேல் நின்றிருந்தான். தம்பி மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினான். ஆனால் பதற்றத்தில், துப்பாக்கி வெடித்துத் தம்பி கிளம்பினானே, அப்போதே முதல் விரலை மடக்கிவிட்டான். ஆகவே தம்பி ஐந்தாவது சுற்றை முடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது எங்கெல்பெர்ட்டின் கணக்கில் அது ஆறு. கோலைத் தூக்கினான். ஊர் ஜெயித்தால் வாசிக்கும் அணிவகுப்பு இசை, இத்தனை ஆண்டாக வாசிக்காமல் அடக்கிவைத்தது, ஒரேயடியாக வெடித்துக் கிளம்பியது.

மைதானத்தின் நுழைவில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அடுத்த சுற்று. வலப்பக்கம் முடிவுக்கோடு. இசை காதில் விழுந்ததும் ஃப்ரிடோ சந்தோஷமாக வலப்பக்கம் திரும்பினான். இரண்டு கையையும் தூக்கினான். கோட்டைத் தாண்டினான். ஒரு கட்டையைக் கழற்றி, வானொலி நிருபரை நோக்கிச் சிரித்து, ஓடிவந்த ஒட்டிலியைக் கட்டிக்கொண்டான். அவள்தான் காதில் கத்தினாள்.

"அஞ்சுதான் ஆச்சு! டேய், அஞ்சுதான்! ஓடு!"

அந்த நேரத்தில் மாக்னுஸ் ஃபிங்க் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், நம்பமுடியாமல். ஃப்ரிடோ கட்டையை மாட்டிக்கொண்டு, பாதை பிரிந்த இடத்துக்குத் திரும்பி, மறுபடி ஓடிவந்து சேர்ந்தபோது நான்காவது ஆள். பேண்டு இசையை எந்த இடத்தில் நிறுத்தியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொருவராக நிறுத்தியிருக்கிறார்கள். கடைசியில் பெரிய மேளக்காரர் மட்டும் தனியாக இரண்டு அடி அடித்தாராம்.

நடந்தது அதோடு போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் நிருபர் ஒலிவாங்கியை நீட்டினார். ஃப்ரிடோவுக்கு மூச்சு வாங்கியது, கோபம் வந்தது, தோற்ற முகத்தை வெளியே காட்டிப் பழக்கமும் இல்லை.

"நான் என்ன செய்யட்டும்? பேண்டு வாசிச்சுது, நான் வந்தேன். எண்ணறது என் வேலையா? என் வேலை முன்னால ஓடறது. அதை ஒழுங்கா செஞ்சேன். பேண்டு மாஸ்டரைக் கேளுங்க. எங்க அண்ணன்தான், கசாப்புக்கடைக்காரர். சாசேஜ் எண்ணத் தெரியும், சுத்து எண்ணத் தெரியல!"

நிருபர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாடு முழுக்க அவரவர் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். எங்கெல்பெர்ட் சிரிக்கவில்லை. அவன் நான்கடி தள்ளி, கையில் கோலோடு நின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை அவன் பேண்டு அறைச் சாவியைக் கொண்டுபோய் ஊர்த் தலைவர் வீட்டு ஜன்னல்மேல் வைத்துவிட்டு வந்தான்.  வந்து சாசேஜ் திணித்தான்.

ஊர்க் கேலிக்கு விடுமுறையே கிடையாது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு வாய் பேசிவிட்டுத்தான் போனார்கள்.

"ஈரல் சாசேஜ் ஆறு வில்லை வெட்டு ஃப்ரிடோ. ஆறுன்னா ஆறு. அஞ்சோட கையைத் தூக்கிடாதே!"

"அஞ்சு வெட்டிட்டு உங்களை நாலாவதா நிக்க வைக்கிறேன், எப்படி?" என்பான் ஃப்ரிடோ. கடை சிரிக்கும். அவனுக்கு இது தண்ணீர் பட்டபாடு. ஆனால் அதே கேலி பின்கட்டு வரைக்கும் போகும். அங்கே கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் மனிதனுக்குப் பதில் சொல்ல வாய் வராது. "மாஸ்டர், என்ன எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று தீயணைப்புப் படைத் தலைவர் ஒருநாள் உள்ளே தலையை நீட்டிக் கேட்டபோது எங்கெல்பெர்ட் ஈரக்கையோடு எழுந்து வெளியே போய்விட்டான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கெல்பெர்ட் வரவில்லை. ஒட்டிலி ஃப்ரிடோவின் தட்டில் உருளைக்கிழங்கை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"எதுக்கு? தப்பா எண்ணினது அவரு."

"எண்ணவே இல்லாதது யாரு?"

ஃப்ரிடோ காலித் தட்டைத் தள்ளிவைத்தான். 

"எனக்கு ஒண்ணும் அவர் மேல கோவம் இல்ல. அது அவருக்கே தெரியும்" என்றான் பிறகு.

"உனக்குக் கோவம் இல்லியா! பெரிய மனசு! அவருக்கு இருக்கக்கூடாதா? அவர் வேலை செய்யறாரு, நீ பறக்கற. நீ தின்னாததையும் சேர்த்து அவரு தின்னு தின்னு பானை மாதிரி ஆயிட்டாரு. இருந்தது ஒரு குச்சி. அதையும் ரேடியோவுல பிடுங்கிட்ட."

ஃப்ரிடோ மறுநாள் புகைக்கூடத்துக்குப் போனான். உள்ளே தேவதாரு மரத்தூள் கனன்றுகொண்டிருந்தது. எங்கெல்பெர்ட் தொங்கும் பன்றித்தொடைகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னிக்கு நான்..."

"கதவைச் சாத்து. புகை போகுது."

ஃப்ரிடோ கதவைச் சாத்தினான். வெளிப்பக்கமாக நின்று சாத்தினான். நூறு மீட்டர் காற்றில் போகிறவனுக்கு அந்த ஒரு படியைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, அது அவனுக்குப் புதிது.

அந்த ஆண்டு கோடைத் தொடக்கத்தில் வரும் கிறிஸ்துவின் திருவுடல் திருநாள் ஊர்வலம் பேண்டு இல்லாமல் போனது. மாஸ்டர் இல்லாமல் மற்றவர்கள் இரண்டுமுறை கூடிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஊதினார்கள், சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். இருந்தாலும் ஊரார் நடையில் ஒரு பிடிப்பில்லை. ஃப்ரிடோ பார்த்தான். முதல் வரிசையில்தான் நடந்தான், ஆனால் தெருவைப் பார்த்து நடந்தான்.

கோடையில் பயிற்சியாளர் கூன்லே வந்தார். சுற்றிவளைத்துப் பேசும் மனிதர் இல்லை.

"உனக்கு முப்பது ஆச்சு. கீழே பசங்க வரிசையா நிக்கறாங்க. வர்ற குளிர்காலம் பட்டம் எடுத்தா அணியில இரு. இல்லைன்னா கடையில நின்னு சாசேஜ் வித்துக்க."

"எடுத்துட்டா?"

"அடுத்த வருஷம் உலகப் போட்டிக்கு நீதான் முதல் பேரு."

"அப்ப இப்பவே எழுதிக்குங்க" என்றான் ஃப்ரிடோ. ஆனால் அந்தக் கோடையில் அவன் தாவியதைவிட ஓடியது அதிகம். சக்கரம் வைத்த கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குச் சாலையில் மேலும் கீழும் ஓடினான். பால்வண்டிக்காரர்கள் ஒலியெழுப்பித் திட்டினார்கள். முன்பெல்லாம் ஓட்டத்தைச் சம்பளமில்லாத வேலையாகச் செய்தவன், இப்போது வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணிக்கொண்டே ஓடினான். கேட்டவர்கள் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

அடுத்த போட்டி ஆல்காயில், மாக்னுஸ் ஃபிங்கின் சொந்த ஊரில். டானன்குருண்டிலிருந்து ஒரு பேருந்து கிளம்பியது. எங்கெல்பெர்ட் வரமாட்டேன் என்றான். ஒட்டிலி கடைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கடை மூடியாச்சு. வீடும் பூட்டப் போறேன். வர்றீங்களா, இல்ல, பன்னிங்ககூடத் தூங்கறீங்களா?"

எங்கெல்பெர்ட் வந்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டான். காட்டுக்குள்ளே, பாதையின் உச்சி மேட்டில், ஒருவரும் வராத இடத்தில் நிற்பான். ஒட்டிலி ரொட்டியும் பன்றித்தொடை வில்லைகளும் சூடான தேநீரும் கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஃப்ரிடோ மேடையின் உச்சியில் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தபோது கீழே ஆல்காய்க்காரர்கள் கோஷம் போட்டார்கள். "அஞ்சு! அஞ்சு! அஞ்சு!" ஃப்ரிடோ கையை ஆட்டினான். பிறகு சட்டத்தை விட்டான். சறுக்கு வேகம் பிடித்தது, காற்று முகத்தை அறைந்தது, விளிம்பு வந்தது, காலை உதைத்து அவன் படுத்தான். இங்கே மட்டும் யாரும் அவனை எதுவும் கேட்க முடியாது. கீழே சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் எல்லாரையும்விடத் தூரமாகப் போய் இறங்கியபோது எதிரிகளும் கைதட்டினார்கள். நன்றாகப் பறந்தவனுக்குக் கைதட்டாத ஊர் அந்த மலைகளில் கிடையாது. ஆனால் ஃபிங்கும் நன்றாகத் தாவியிருந்தான். முன்னிலை ஒரு நிமிடத்துக்குக் குறைவு. ஃபிங்கின் காலுக்கு அது போதாது என்று கூன்லே முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பனி அடர்ந்து கிடந்தது. வழக்கம்போல நீண்ட பாதை, மூன்று சுற்று. ஃப்ரிடோ கிளம்பினான், முன்னால் மறுபடியும் யாரும் இல்லை. காட்டுக்குள் ஏறி உச்சி மேட்டைத் தொட்டபோது தேவதாருக்களுக்கு நடுவே பச்சைக் கோட்டில் அண்ணன் நின்றிருந்தான். கையை ஆட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான். ஃப்ரிடோ கடந்துபோனான்.

இரண்டாவது சுற்று முடிந்து மைதானத்துக்குள் நுழைந்தபோதுதான் அது நடந்தது. ஃபிங்கின் ஊர்ப் பேண்டு திட்டம் போட்டுக் காத்திருந்தது. ஃப்ரிடோவின் தலை தெரிந்ததும் வெற்றி அணிவகுப்பை முழங்கினார்கள். கன்னம் உப்ப உப்ப ஊதினார்கள். பத்தாயிரம் பேர் சிரித்தார்கள். டானன்குருண்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒட்டிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதை பிரியும் இடத்தில் ஃப்ரிடோ ஒரு கணம் வலப்பக்கம் சாய்ந்தான். மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்தது. பிறகு இடப்பக்கம் திரும்பி, கையிலிருந்த சறுக்குக்கோலை உயரத் தூக்கி, "ரெண்டுதான் ஆச்சு! மூச்சை மிச்சம் வைங்கப்பா, அப்புறமா வேணும்!" என்று கத்திவிட்டுப் போனான். சிரிப்பு கட்சி மாறியது.

ஆனால் வாய் பேசியதற்குக் கால் விலை கொடுத்தது. மூன்றாவது சுற்றின் ஏற்றத்தில் பின்னால் கட்டைகள் பனியை அறுக்கும் சத்தம் கேட்டது. ஃபிங்க். தொடை எரிந்தது, வாயில் இரும்பின் ருசி. உச்சி மேட்டில் அண்ணனின் முகத்தைக் கடந்தபோது ஃபிங்க் பத்தடி பின்னால் இருந்தான். இறக்கத்தில் ஐந்தடி. மைதானத்தில் முதுகிலேயே இருந்தான். ஃப்ரிடோ எதையும் யோசிக்கவில்லை, 'மூணு' என்பதைத் தவிர. அந்த எண்ணைப் பல்லில் கடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பி, கோலை ஊன்றி ஊன்றி இழுத்து, பூட்ஸின் முனையைக் கோட்டுக்கு அப்பால் நீட்டினான்.

ஒரு பூட்ஸ் நீளம். வென்றுவிட்டான். ஜெர்மனியின் சாம்பியன்.

ஃபிங்க் பனியில் மல்லாந்து கிடந்தபடியே கையை நீட்டினான். "இந்தத் தடவை எண்ணிட்ட, ராஸ்கல்" என்றான். ஃப்ரிடோ கையைப் பிடித்துக் குலுக்கினான். கூன்லே எதையோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஒட்டிலி வேலியைத் தாண்டி வந்தாள். உள்ளூர்ப் பேண்டு, தன் ஆள் தோற்ற துக்கத்தில், வாயே திறக்கவில்லை. போன வருடத்து அதே நிருபர் அதே ஒலிவாங்கியோடு வந்துகொண்டிருந்தார்.

"அண்ணன் எங்க?" என்றான் ஃப்ரிடோ.

"மேலதான். வேறெங்க? அங்க ஒலிபெருக்கிகூடக் கேக்காது. உன் பின்னாலேயே ஃபிங்க் வர்றதைத்தான் கடைசியா பார்த்திருப்பாரு" என்றாள் ஒட்டிலி.

ஃப்ரிடோ நிருபரைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். கட்டைகள் இன்னும் காலில் இருந்தன. கோல்களை எடுத்துக்கொண்டான்.

"டேய், எங்கடா போற? மேடை ஏறணும்!" கூன்லே பின்னாலேயே ஓடினார்.

அவன் இடப்பக்கப் பாதையில் நுழைந்துவிட்டிருந்தான். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எவனோ, "ஐயோ! இந்தத் தடவை ஒண்ணு அதிகமா ஓடறான்!" என்று கத்தினான். பத்தாயிரம் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நிருபர் ஒலிவாங்கியில் அலறினார்: "நேயர்களே, நம்பமாட்டீர்கள்! கெட்டரர் மறுபடியும் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார்! வென்றது அவருக்கே தெரியவில்லை!" நாடு முழுக்க அடுப்படிகளில் மறுபடி சிரிப்பு. அந்தச் சத்தம் ஃப்ரிடோவின் முதுகில் மோதியது. நின்று திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரிப்பு அடங்கிவிடும். அவன் திரும்பவில்லை. சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டான்.

ஏற்றம் இப்போது இரண்டு மடங்காக இருந்தது. கால் இரண்டும் மரக்கட்டை. இடையிடையே நின்று கோலில் சாய்ந்துகொண்டான். கடைசியாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் அவனைக் கடந்துபோனார்கள், ஒன்றும் விளங்காமல்.

உச்சி மேட்டில் எங்கெல்பெர்ட் தேநீர்க் குடுவையைப் பையில் போட்டுக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தான். வளைவில் தம்பி தள்ளாடிக்கொண்டு வருவதைப் பார்த்தான். பை கீழே விழுந்தது. அந்தப் பெரிய உடம்பு முழங்கால் பனியில் புதைந்து புதைந்து பாதையை நோக்கி ஓடிவந்தது, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு.

"டேய்! டேய் மடையா! நில்லுடா! முடிஞ்சு போச்சுடா! மூணும் முடிஞ்சு போச்சு! நான் எண்ணினேன்! இந்தத் தடவை சரியா எண்ணினேன்டா!"

குரல் உடைந்துவிட்டது. முகமெல்லாம் நனைந்திருந்தது. ஃப்ரிடோ அவன் முன்னால் வந்து நின்றான்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சா ஏன்டா ஓடற?"

"ஜெயிச்சுட்டேன்."

எங்கெல்பெர்ட் தம்பியை மேலும் கீழும் பார்த்தான். "அதைச் சொல்றதுக்கா இத்தனை மேடு ஏறி வந்த?"

"இல்ல." ஃப்ரிடோவுக்கு மூச்சு வாங்கியது. அன்று புகைக்கூடத்தில் தாண்டாத படியை இந்த முறை தாண்டிவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. "போன வருஷம் எண்ண வேண்டியது நான். எண்ணல. உன் மேல போட்டேன், ஊர் கேக்கப் போட்டேன். அதைச் சொல்ல வந்தேன்."

 எங்கெல்பெர்ட் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். தம்பியின் காலடியில் குனிந்து, கட்டைகளின் பூட்டை ஒவ்வொன்றாக விடுவித்தான். இரண்டையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். கீழே மைதானத்தின் பக்கமிருந்து மணியடிக்கும் சத்தம் லேசாக வந்தது.

"கூப்பிடறாங்க போல. நீ ஓடு, நான் மெதுவா நடந்து வர்றேன்" என்றான் எங்கெல்பெர்ட்.

"நீயும் கூட வா. நடந்தே போலாம்" என்று ஃப்ரிடோ அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். "காத்திருப்பாங்க. நான் போகாம அந்த மெடலை யார் கழுத்துல போட்டுடுவாங்க?"